காப்பகம் பூட்டியிருக்கும் நாளுக்கும் கட்டணமா? சேலம், ஏற்காடு பெற்றோரின் அனுபவங்கள்

அழகாபுரம், வங்கி ஊழியர், இரண்டரை வயதுக் குழந்தையின் தாய்

ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பதையும், அந்த விடுமுறை 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது என்று அறிவிப்பிலேயே குறிப்பிடுவதையும் சேலத்தில் வசிப்பவர்கள் அறிவார்கள். பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் மூடியிருக்கும் அந்த நாளில் வங்கிகள் திறந்திருக்கும் என்பதால், என்னைப் போன்றவர்கள் வழக்கம்போல் வேலைக்குச் சென்றாக வேண்டும். என் மகளை விடும் காப்பகம் அன்று திறப்பதில்லை. எதிர்வீட்டு அக்காவிடம் குழந்தையை ஒப்படைத்துவிட்டு, அவர் வேண்டாம் என்று மறுத்தாலும் கையில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுத்தான் கிளைக்குச் செல்கிறேன். காப்பகத்துக்கான மாதக் கட்டணத்தில் அந்த நாளுக்காக எதுவும் குறைவதில்லை. ஊரே கொண்டாடும் திருவிழா நாளில் ஆயாக்களும் தங்கள் குடும்பத்தோடு இருக்க வேண்டியவர்கள்தான் என்பதால் அதை நான் ஒருபோதும் கணக்குப் பார்த்ததில்லை.

என்னை இங்கே எழுத வைத்தது வேறொன்று. சென்ற ஆண்டு கோடையில், காப்பகத்தின் உரிமையாளர் தம் சொந்த ஊரில் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம் நடைபெறுவதாகவும், ஒரு வாரத்துக்கும் மேல் காப்பகம் இயங்காது என்றும் முந்தைய நாள் இரவில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். என் கணவர் பணி நிமித்தம் வெளியூரில் இருந்தார். என் மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. நான் ஈட்டிய விடுப்பைச் செலவழித்து வீட்டில் இருந்தேன். அந்த மாதக் கட்டணத்தில் ஒரு பகுதியையாவது குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது, மாதக் கட்டணம் என்பது மாதத்துக்கானது, நாள் கணக்குக்கு இடமில்லை என்று பதில் வந்தது. அரசு விடுமுறைக்கும் உரிமையாளரின் சொந்தக் காரியத்துக்கும் வேறுபாடே இல்லையா என்பதுதான் என் கேள்வி. இத்தகைய சூழலைச் சந்தித்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தால் உதவியாக இருக்கும்.

சூரமங்கலம், குழந்தைகள் காப்பகம் நடத்துபவர்

அழகாபுரம் சகோதரியின் வருத்தம் நியாயமானது. ஆனாலும், காப்பகம் நடத்தும் தரப்பின் கணக்கை வெளிப்படையாகச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

காப்பகம் மூடியிருக்கும் நாளில் மிச்சமாகும் செலவு பாலும் சுண்டலும் சிறிது மின்சாரமும் மட்டுமே. வீட்டு வாடகையை உரிமையாளர் நாள் கணக்கில் வாங்குவதில்லை. என்னிடம் வேலை செய்யும் ஆயாக்களும் சமையல் அம்மாவும் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்கள். தீபாவளிக்கு மூடினேன், பொங்கலுக்கு மூடினேன் என்று சொல்லி அவர்களுடைய சம்பளத்தைப் பிடிப்பது எனக்கு உடன்பாடில்லை. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள் சட்டம், குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி ஆகிய நான்கோடு பண்டிகை விடுமுறைகள் ஐந்தையும் சேர்த்து ஆண்டுக்கு ஒன்பது நாள்களுக்கு ஊதியத்துடன் கூடிய விடுமுறையை உறுதி செய்கிறது. ஆலையிலும் கடையிலும் வேலை செய்பவருக்கு உரிய அந்த ஒன்பது நாள், பிறர் குழந்தையை இடுப்பில் சுமந்து வளர்க்கும் பெண்ணுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்? பெற்றோர் செலுத்தும் கட்டணத்திலிருந்துதான் அந்த ஊதியம் வர வேண்டும். வேறு வழி எனக்கு இல்லை.

தொடக்க ஆண்டுகளில், பெற்றோர் விரும்பியபடி நாள் கட்டண முறையையும் நடத்திப் பார்த்தேன். பாட்டி ஊரிலிருந்து வந்தால் குழந்தை வராது. சளி பிடித்தால் வராது. கல்யாண மாதங்களில் பாதிக் குழந்தைகள் வரமாட்டார்கள். வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் குழந்தைக்கான இடத்தை வேறொருவருக்கு நான் கொடுக்க முடியாது. ஆயாவைப் பாதி நாள் மட்டும் வரச் சொல்லவும் முடியாது. மாத இறுதியில் சம்பளம் கொடுக்க என் நகையை அடகு வைக்க நேர்ந்த பிறகு மாதக் கட்டணத்துக்கு மாறினேன். அன்றிலிருந்து, சேர்க்கையின்போதே ஆண்டு விடுமுறைப் பட்டியலை அச்சிட்டுப் பெற்றோரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்கிறேன். பட்டியலில் உள்ள நாள்களுக்குக் கட்டணக் குறைப்பு கிடையாது.

பட்டியலுக்கு வெளியே நானாக மூடினால் அந்த நாள்களுக்குரிய தொகையை அடுத்த மாதக் கட்டணத்தில் கழித்துவிடுகிறேன். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். என் மகளின் திருமணத்துக்கு மூடியபோது கழித்தேன். கை, கால், வாய் நோய் பரவிக் குழந்தைகளின் உள்ளங்கைகளில் கொப்புளம் கண்டபோது மருத்துவரின் அறிவுரைப்படி சில நாள்கள் மூடினேன். அது என் விருப்பத்தால் நேர்ந்ததும் இல்லை, பெற்றோரின் விருப்பத்தால் நேர்ந்ததும் இல்லை என்பதால் பாதித் தொகையை மட்டும் வாங்கினேன். பெற்றோரில் சிலருக்கு அதுவும் அதிகமாகத்தான் தோன்றியது. நேரில் உட்கார்ந்து பேசிய பிறகே ஏற்றுக்கொண்டார்கள்.

அம்மாபேட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியை

மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்களைப் பற்றியே இதுவரை பேச்சு நடந்திருக்கிறது. எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த பெண் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தார். கூலி எண்ணிக்கைக்குத்தான், வேலைக்குப் போகாத நாளில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. சேலத்தில் கொலுசு வேலையிலும் தறி வேலையிலும் இருக்கும் பெண்கள் பலரின் நிலை இதுவே. இவர்களைப் பொறுத்தவரை, காப்பகம் மூடிய நாளில் கூலியும் போய்க் கட்டணமும் போகிறது.

அங்கன்வாடியில் விடலாமே என்று பலர் எளிதாகச் சொல்வார்கள். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கியதிலிருந்து அது ஏழைத் தாய்மாருக்குச் செய்துவரும் உதவி மிகப் பெரிது. அங்கே கட்டணமும் இல்லை. ஆனால் பட்டறை விளக்கு அணைவதற்கு முன்பே அங்கன்வாடி மூடிவிடுகிறது. அதனால் இந்தப் பெண் பக்கத்துத் தெருவில் நாலைந்து குழந்தைகளைத் தம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்ட ஓர் அம்மாவிடம் குழந்தையை விட்டார். விட்ட நாளுக்கு மட்டும் பணம் என்பது இருவருக்கும் இடையிலான வாய்மொழி ஏற்பாடு.

கேட்பதற்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை என்றே நானும் நினைத்தேன். ஆடி மாதம் முழுவதும் பண்டிகையும் விருந்தினருமாக இருந்ததால் குழந்தைகள் சரியாக வரவில்லை; ஐப்பசியில் மழை; நடுவில் அந்த அம்மாவுக்கே காய்ச்சல். வருமானம் இப்படி ஏறியிறங்கியதால், மாதச் சம்பளம் தரும் ஒரு துணிக்கடை வேலைக்கு அவர் சென்றுவிட்டார். அவரை நம்பியிருந்த தாய்மார்கள் அனைவரும் ஒரே வாரத்தில் தவித்துப்போனார்கள். எங்கள் மாடியில் இருந்த பெண், அடுத்த ஏற்பாடு கிடைக்கும்வரை குழந்தையைப் பட்டறைக்கே அழைத்துச் சென்றார். பற்றவைக்கும் நெருப்பும் அமிலமும் புழங்கும் இடத்தில் இரண்டு வயதுக் குழந்தையைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட பதைப்பை இன்னும் மறக்க முடியவில்லை. மூடிய நாளுக்குப் பணம் கொடுக்கவே கூடாது என்று வாதிடுபவர்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் அந்த வேலையில் நிலைத்திருப்பதற்கும் அந்தப் பணத்துக்கும் உள்ள தொடர்பை எண்ணிப் பார்க்க வேண்டும். அதே வேளையில், கூலிக்காரத் தாயிடம் முழு மாதக் கட்டணம் கேட்பதும் கொடுமை. அரசோ பட்டறை முதலாளிகளோ பங்கேற்காமல் இந்த இரண்டு பெண்களின் கணக்கும் ஒருபோதும் நேராகாது என்பதே என் முடிவு.

அஸ்தம்பட்டி, வழக்கறிஞர்

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது இதே கேள்வி நீதிமன்றங்களுக்குச் சென்றது. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், தனியார் பள்ளிகள் முதலில் 40 விழுக்காடும், பள்ளிகள் திறந்த பின் 35 விழுக்காடும் வசூலிக்க அனுமதித்தது. 2021 மே மாதத்தில், ராஜஸ்தான் பள்ளிகள் தொடர்பான வழக்கில், மாணவர்கள் பயன்படுத்தாத வசதிகளுக்காக 15 விழுக்காடு குறைத்துக்கொண்டு மீதத்தை வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இவை காப்பகங்களைப் பற்றிய தீர்ப்புகள் அல்ல. எனினும், மூடியிருந்த காலத்துக்கு முழுத் தொகையும் உண்டு என்றோ ஒன்றுமே இல்லை என்றோ நீதிமன்றங்கள் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

வேலைக்குச் செல்லும் தாய்மாருக்காக நடுவண் அரசு நடத்திய தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளைப் பார்த்தாலும் ஒரு வழி தெரிகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துக்கு மாதம் ₹20, பெற்றோர் இருவரின் வருமானம் ₹12,000 வரை இருந்தால் ₹100, அதற்கு மேல் ₹200 என்று மாதக் கட்டணம் வகுத்த அதே நெறிமுறைகள், காப்பகம் மாதத்தில் 26 நாள்கள், நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் இயங்க வேண்டும் என்றும் கூறின. மாதக் கட்டணம் வாங்குபவர், மாதத்தில் எத்தனை நாள் திறந்திருப்போம் என்ற உறுதியையும் சேர்த்தே தர வேண்டும் என்பதே இதன் பொருளாக எனக்குப் படுகிறது.

அழகாபுரம் சகோதரியின் விஷயத்தில் எழுத்து வடிவில் எந்த நிபந்தனையும் இல்லை என்று தெரிகிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். ₹5 இலட்சம் வரையிலான மதிப்புக்கு முறையீட்டுக் கட்டணம் இல்லை. 1915 என்ற உதவி எண்ணும் உண்டு. ஆனால் நாளையும் அதே இடத்தில் குழந்தையை விடப் போகும் ஒரு தாய்க்கு என் முதல் அறிவுரை, மற்றப் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு உரிமையாளரிடம் நேரில் பேசுங்கள் என்பதுதான்.

அழகாபுரம், வங்கி ஊழியர்

அனைவருக்கும் நன்றி. சூரமங்கலம் அம்மா எழுதிய முறையை எங்கள் காப்பகப் பெற்றோர் சிலருடன் சென்று உரிமையாளரிடம் எடுத்துரைத்தோம். விடுமுறைப் பட்டியலை எழுத்தில் தரவும், சொந்தக் காரணத்துக்காக மூடுவதாக இருந்தால் பதினைந்து நாள் முன்னறிவிப்புத் தரவும், அந்த நாள்களுக்குரிய தொகையைக் கழிக்கவும் அவர் ஒப்புக்கொண்டார். சென்ற கோடையில் வாங்கிய தொகையைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். அதை நான் இன்னும் முறையற்றது என்றே கருதுகிறேன். கனமழைக்காக ஆட்சியர் காலையில் அறிவிக்கும் விடுமுறையைப் பற்றி மட்டும் எந்த முடிவுக்கும் வர இயலவில்லை. மலைப் பகுதியில் இருப்பவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

ஏற்காடு, தங்கும் விடுதி ஒன்றின் ஊழியர், இரு பிள்ளைகளின் தாய்

மழை விடுமுறையைப் பற்றி எழுதும் முன், எங்கள் ஊரின் ஒரு தனித்தன்மையைச் சொல்ல வேண்டும். சமவெளியில் விடுமுறை என்றால் ஏற்காட்டில் வேலை அதிகம். தொடர் விடுமுறை நாள்களிலும் மே மாதக் கோடை விழாவின்போதும் விடுதிகளில் அறை கிடைக்காத அளவுக்குக் கூட்டம் வரும். எங்களுக்கு விடுப்பே கிடையாது. காப்பகங்களோ சமவெளியின் நாள்காட்டியைப் பின்பற்றி அந்த நாள்களில்தான் மூடுகின்றன. ஆகவே எங்களுடைய கோரிக்கை கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்பதாக இருக்கவில்லை. ஞாயிறு, பண்டிகை நாள்களில் திறந்துவைத்து, கூட்டம் குறைந்த செவ்வாய், புதன் கிழமைகளில் மூடுங்கள் என்பதே நாங்கள் கேட்டது. பல மாத வேண்டுகோளுக்குப் பிறகு, முறை வைத்து ஆயாக்களை வரச் செய்து அதை நிறைவேற்றினார்கள்.

என் அம்மா காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். ஐம்பது பெண்களோ, பெண் தொழிலாளரின் குழந்தைகள் இருபது பேரோ இருக்கும் தோட்டத்தில் முதலாளியே பிள்ளைகளுக்கான இடத்தை ஏற்படுத்திப் பராமரிக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்திருந்ததால், நான் அந்தத் தோட்டக் காப்பகத்தில்தான் வளர்ந்தேன். அம்மா அதற்குப் பணம் கட்டியதில்லை. தோட்டத்துக்கு விடுமுறை என்றால் காப்பகத்துக்கும் விடுமுறை. அம்மாபேட்டை ஆசிரியை அம்மா முதலாளியின் பங்கைக் குறிப்பிட்டது இதனால்தான் எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. இன்று விடுதிகளில் வேலை செய்யும் எங்களுக்கு அப்படி ஏதும் இல்லை.

இனி மழைக்கு வருகிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. எங்கள் காப்பகத்தின் பொறுப்பாளரும் ஆயா ஒருவரும் சேலத்திலிருந்து பேருந்தில் ஏறி வருபவர்கள் என்பதால், பாதை சீராகும்வரை காப்பகம் திறக்கவில்லை. விடுதியில் முன்பதிவுகள் ரத்தானதால் எங்களில் பலருக்கும் அந்த நாள்களுக்குச் சம்பளம் இல்லை. பாதை திறந்த பின் அனைவரும் கூடிப் பேசினோம். ஆயாக்களின் சம்பளத்துக்குத் தேவையான தொகையை மட்டும் கணக்கிட்டு, அதைப் பெற்றோர் பகிர்ந்து கொடுப்பது, மற்றவற்றைக் காப்பகம் விட்டுக்கொடுப்பது, சம்பளம் இழந்த குடும்பங்கள் அடுத்த இரண்டு மாதங்களில் சிறிது சிறிதாகக் கட்டுவது என்று முடிவானது. பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் வந்தது. பொறுப்பாளர் ஒரு மாற்றத்தையும் செய்தார்: ஆயாக்களில் ஒருவராவது மலையிலேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்று தேடி, தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். அதன் பிறகு பாதை அடைபட்ட நாள்களிலும் காப்பகம் மதியம் வரை திறந்திருக்கிறது. அந்த நாள்களுக்கு முழுக் கட்டணத்தையே செலுத்துகிறோம்.