தொலை அணுகல் வேண்டாம், வேறு சொல் தாருங்கள்: ஞாயிறு மாலைக்குள்

வியாழன் இரவு, கோவையிலிருந்து

அனைவருக்கும் வணக்கமுங்க. இந்தக் குழுவில் இத்தனை நாள் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது மாட்டிக்கொண்டேன். கல்லூரியில் முதுகலைப் பொருளியல், தமிழ்வழி மாணவர்கள் எட்டுப் பேர். அவர்களுக்கு ஊதியப் புள்ளிவிவரம் பற்றிக் கையேடு எழுதுகிறேன். ஞாயிறு இரவு ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்தாக வேண்டும்.

விஷயம் இதுதான்: 'செக்யூர் ரிமோட் ஆக்சஸ்' என்பதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும். பிரிட்டனில் ஆண்டுதோறும் வேலை நேரம், ஊதியம் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. வருமான வரித் துறையிடம் இருக்கும் சம்பளப் பிடித்தப் பதிவுகளிலிருந்து நூறு வேலைக்கு ஒன்று என்று எடுத்து, ஏப்ரல் மாதக் கணக்கை முதலாளிகளிடம் கேட்டு வாங்குகிறார்கள். 2004 முதல் இந்த வடிவில் நடக்கிறது. சொந்தத் தொழில் செய்வோர் இதில் வரமாட்டார்கள். தொகுத்த அட்டவணை யாருக்கும் கிடைக்கும். ஆள்வாரியான விவரம் அப்படியில்லை, அது ரகசியம். ஆய்வாளர் பயிற்சி முடித்து, தேர்வும் எழுதி, அங்கீகாரம் வாங்கி, ஆய்வுத் திட்டத்துக்கும் ஒப்புதல் பெற்ற பிறகுதான் பார்க்க முடியும். அப்போதும் தரவு அவர் கணினிக்கு வராது. அது அங்கேயே, புள்ளிவிவர அலுவலகத்தின் சர்வரில் கிடக்கும். இவர் அனுமதிக்கப்பட்ட இடத்தில் உட்கார்ந்து பாதுகாப்பான இணைப்பில் திரையில் பார்த்து, அங்கேயே கணக்குப் போட்டு, முடிவை மட்டும் கேட்க வேண்டும். அதையும் அங்குள்ள ஊழியர்கள் சரிபார்த்துத்தான் வெளியே விடுவார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு என்ன பெயர் வைப்பது? 'பாதுகாப்பான தொலைநிலை அணுகல்' என்று எழுதி வகுப்பில் வாசித்துப் பார்த்தேன். பின்வரிசையில் ஒருத்தன் "தொலைஞ்சு போன அணுகலாங்க சார்?" என்றான். சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று.


வெள்ளி விடிகாலை, பெருந்துறைப் பக்கமிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, அந்தப் பையன் சொன்னதில் நியாயம் உண்டு. 'தொலை' என்ற அடிக்குத் தூரமும் உண்டு, அழிவும் உண்டு. அதைவிடப் பெரிய குறை 'அணுகல்'. அணுகுவதென்றால் கிட்டப் போவது. நீங்கள் சொல்லும் ஏற்பாட்டில் ஆளும் போகவில்லை, பொருளும் வரவில்லை, கண் மட்டும் போகிறது. கண்ணுக்கு வழிவிட்டுக் கைக்கு வழிவிடாத பொருள் வீட்டில் என்ன இருக்கிறது? சன்னல். அதற்குச் சிலம்பில் நல்ல சொல் உண்டு: 'மான்கண் காலதர் மாளிகை'. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலம்புக்கு உரை செய்த அடியார்க்குநல்லார் நம் கொங்கு நாட்டு நிரம்பைக்காரர் என்பதை இந்தக் குழுவில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே 'தரவுக் காலதர்'.

ரகசியம் என்ற சொல்லும் வேண்டாம். கமுக்கம் என்று போடுங்கள், அல்லது மந்தணம்.

நிற்க. கையேட்டில் 'சம்பளம்' என்று எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுத்த காலத்துச் சொல். சம்பா, அளம், சம்பளம். ரோமர்களும் உப்பை வைத்துத்தான் சம்பளத்துக்குப் பெயரிட்டார்கள் என்பது


வெள்ளி காலை, கோபியிலிருந்து

புலவரய்யாவின் கடிதம் பாதியில் அறுந்து வந்திருக்கிறது, மீதி என்னவென்று ஊகிக்க முடிகிறது. ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். வடமொழியில் 'சம்பல' என்றால் வழிநடைச் சோறு, கட்டுச்சோறு. அதிலிருந்து வந்திருக்கலாம் என்பதுதான் அகராதிக்காரர்கள் பக்கம். சம்பாவும் அளமும் கேட்க இனிக்கிறது, ஆனால் உப்பளத்துக்கும் ஈரோட்டுக்கும் எவ்வளவு தூரம்! மந்தணமும் அப்படித்தான், வடமொழி 'மந்த்ரண'வை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தனித்தமிழ் என்று சொல்ல வேண்டும். கமுக்கம் தமிழ்தான், ஆனால் நம் ஊரில் "அவன் கமுக்கமான ஆளு" என்றால் யாராவது பாராட்டு என்று எடுத்துக்கொள்வார்களா?

நான் மென்பொருள் தமிழாக்கம் செய்கிறவன். என் கட்சி எளிது: 'செக்யூர் ரிமோட் ஆக்சஸ்' என்று தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். நன்னூல் எழுதிய பவணந்தியாரே 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல' என்று சொல்லிவிட்டார். அவரும் நம்ம சீனாபுரத்துக்காரர் என்றுதானே சொல்கிறோம்.


வெள்ளி மதியம், பெருந்துறையிலிருந்து

புதியன புகலாம் தம்பி. அழுக்குக் காலோடு புகலாம் என்று பவணந்தி சொல்லவில்லை. கலைக்கதிர் என்ற அறிவியல் இதழ் நடந்த ஊர் கோவை. அணுவியலுக்கும் பொறியியலுக்கும் தமிழ் தேடிய ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு சன்னலுக்குச் சொல் இல்லையா?


வெள்ளி இரவு, திருப்பூரிலிருந்து, பனியன் கம்பெனிக் கணக்காளர்

எனக்கு இலக்கணம் தெரியாதுங்க. ஆனால் சம்பள ரகசியம் தெரியும், அதனால் ரெண்டு வார்த்தை.

சனிக்கிழமை சம்பளம் போடும்போது கட்டிங் மாஸ்டருக்கு எவ்வளவு, ஓவர்லாக் டெய்லருக்குப் பீஸ் ரேட் எவ்வளவு என்று ஒருத்தர் கவர் இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாது என்பதற்கே நாங்கள் படும் பாடு கொஞ்சமல்ல. பேரை எடுத்துவிட்டால் ரகசியம் காப்பாற்றப்படும் என்று நினைப்பது தப்பு. ஒரு சின்ன ஊரில் ஒரே ஒரு பெரிய சாயப்பட்டறை இருக்கிறது, அதில் ஒரே ஒரு மேனேஜர் என்று வையுங்கள். 'அந்த ஊர், சாயத் தொழில், மேலாளர், சராசரிச் சம்பளம்' என்று அட்டவணை போட்டால் அது சராசரியா? அந்த மனுசனின் சம்பளச் சீட்டேதான். வெளியே விடும் முடிவைக்கூட ஆள் வைத்துச் சரிபார்ப்பது ஏன் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

அதனால் காலதர் எனக்கு ஒத்துவரவில்லை. காற்று வரும் வழியில் தூசியும் போகும். அங்கே எல்லாம் போகக்கூடாது என்பதுதானே சங்கதி. 'எட்டநோட்டம்' எப்படி? எட்ட நின்று பார்க்கிறது.


வெள்ளி இரவு, கோபியிலிருந்து

அண்ணா, நீங்கள் சொன்ன சாயப்பட்டறைக் கதையை அப்படியே கையேட்டில் போடலாம். ஆனால் நோட்டம் வேண்டாம். நோட்டம் விடுகிறவனை நம் ஊரில் போலீசுக்குப் பிடித்துக் கொடுப்பார்கள்.


சனி காலை, பொள்ளாச்சியிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

நேற்று முழுக்கப் படித்தேன். எல்லாரும் பார்வைக்குப் பெயர் தேடுகிறீர்கள். எனக்கென்னவோ பெயர் வைக்க வேண்டியது இடத்துக்கு என்று படுகிறது. அந்த நாட்டில் இதற்கு ஐந்து கேள்வி கேட்பார்கள் என்று நானும் ஒரு மொழிபெயர்ப்பு வேலையில் பார்த்திருக்கிறேன்: ஆள் நம்பத்தக்கவரா, ஆய்வு முறையானதா, இடம் பத்திரமா, தரவில் அடையாளம் நீக்கப்பட்டதா, வெளியே போகும் முடிவு பத்திரமா. அங்குள்ள 2007ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சட்டப்படி ஒருவருடைய விவரத்தை வெளியே விட்டால் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. இவ்வளவையும் சன்னலில் ஏற்ற முடியாது. பூட்டிய அறை ஒன்று, அதற்குள் போக வர விதி உண்டு, பொருளை எடுத்துப் போக முடியாது. அதனால் 'காப்பறை'. தூரத்திலிருந்து என்றால் 'காப்பறைத் தொலைவழி'. காப்பகம் என்று போட்டுவிடாதீர்கள், குழந்தைகள் காப்பகம்தான் ஞாபகம் வரும்.

புலவரய்யாவுக்கு ஒன்று: அந்த ஐந்துக்கும் 'ஐவகை அரண்' என்று வைக்கலாமா?


சனி காலை, பெருந்துறையிலிருந்து

அரண் அருமை அம்மணி. வள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். ஆனால் அறை என்றதும் சுவர் வந்துவிடுகிறது. இங்கே சுவர் எங்கே இருக்கிறது? ஆய்வாளர் ஓர் ஊர், தரவு ஓர் ஊர். அறை வேண்டுமென்றால் கல்வெட்டில் கருவறையை 'உண்ணாழிகை' என்றார்கள். வெளியே நின்று கும்பிடலாம், உள்ளே போக முடியாது, திருநீறு மட்டும் கைக்கு வரும். உங்கள் ஏற்பாடு அதுவேதான்! உள் என்பதோடு நாழிகை சேர்ந்து


சனி மதியம், திருப்பூரிலிருந்து

ஐயா கடிதம் மறுபடி அறுந்துவிட்டது. திருநீறு உவமை முதல் தரம். ஆனால் எட்டுப் பிள்ளைகள் பரீட்சைத் தாளில் உண்ணாழிகை என்று எழுதினால் திருத்துகிறவர் எத்தனை மணி நேரம் என்று கேட்பார்.

காப்பறைக்கு என் ஓட்டு. காப்பி எடுக்க முடியாத அறை என்று சொல்லிக் கொடுத்தால் ஒருத்தனும் மறக்கமாட்டான்.


ஞாயிறு மாலை, கோவையிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன்: காப்பறைக்கு மூன்று பேர், அதில் கோபித் தம்பி தனியே எனக்கு எழுதி, 'சலித்துப் போய் ஒத்துக்கொள்கிறேன்' என்று சொன்னதும் ஒன்று. காலதருக்கு ஒருவர். கையேட்டில் 'காப்பறைத் தொலைவழி' என்று போட்டு, முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் 'அதாவது செக்யூர் ரிமோட் ஆக்சஸ்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். ரகசியத்தை ரகசியமாகவே விட்டேன். ஐவகை அரண் அப்படியே நிற்கிறது. சம்பளத்தை எடுத்துவிட்டு ஊதியம் என்றே எல்லா இடத்திலும் மாற்றினேன், அதில் யாருக்கும் தகராறு இருக்காது என்று நம்புகிறேன். கடைக்காரர் ஒன்பது மணிக்குச் சாத்துகிறார், கிளம்புகிறேன்.


ஞாயிறு இரவு, பெருந்துறையிலிருந்து

தம்பி, பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் நான் எழுதும் இடத்தில் காலதர் என்றுதான் எழுதுவேன், அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தூசி போகும் என்ற கணக்காளருக்கு: சல்லடைக் கம்பி அடித்த சன்னலை அவர் பார்த்ததில்லையா?

இன்னொன்று. ஊதியத்தில் தகராறு இல்லை என்று யார் சொன்னது? 'அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு' என்று குறள் சொல்லும்போது அது கூலியைச் சொல்லவில்லை, ஆதாயத்தைச் சொல்கிறது. முதலாளி தரும் சம்பளத்துக்கு எப்போதிருந்து அந்தப் பெயர் வந்தது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கடை சாத்துவதற்குள் கூப்பிட முடியுமானால் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அச்சடிப்பதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி.