பாசிக்குள் எதற்குக் குறைகடத்தி?

வணக்கம்.

நன்னீர் டயாட்டங்களின் (சிலிக்காவால் கூடு கட்டிக்கொள்ளும் ஒற்றை உயிரணுப் பாசிகளின்) மரபியல் பற்றி நான் எழுதும் கட்டுரையில், சிலிக்கானை உயிரணுச் சவ்வின் வழியே கொண்டுசெல்லும் புரதமான சிலிக்கான் டிரான்ஸ்போர்ட்டருக்குத் தமிழில் 'சிலிக்கான் கடத்தி' என்றே போட்டுவிடலாம் என்று நம் கலைச்சொல் உரையாடலில் ஐயா எழுதியிருந்தார். என் முதல் வரைவிலும் அப்படித்தான் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் படித்துவிட்டு, "பாசிக்குள் எதற்கப்பா குறைகடத்தி?" என்று கேட்டாள். சிலிக்கானும் கடத்தியும் சேர்ந்து வந்தால் பிள்ளைகளுக்கு டிரான்சிஸ்டர்தான் நினைவுக்கு வரும். சரி, மணலுக்கு உறவாயிற்றே என்று 'மணற்கடத்தி' ஆக்கினால், தாசில்தார் நள்ளிரவில் லாரியோடு மடக்குகிற ஆள் ஆகிவிடுகிறான்.

அதே உரையாடலில் தங்கை சொன்ன 'உள்வாங்கி' காதுக்கு இனிமைதான். ஆனால் நெல்லுக்குப் போனால் உதைக்கிறது. நெல்லின் வேரில் 2006இல் கண்டறிந்த எல்எஸ்ஐ1 என்ற புரதம் சிலிசிக் அமிலத்தை, அதாவது நீரில் கரைந்த வடிவிலுள்ள சிலிக்கானை, உள்ளே விடுகிறது. மறு ஆண்டு கண்டறிந்த எல்எஸ்ஐ2 அதை உயிரணுவுக்கு வெளியே தள்ளுகிறது. வெளியே தள்ளுவதை உள்வாங்கி என்பதா? எல்எஸ்ஐ1 வெறும் வழி, செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அமிலம் தானாகப் பாயும். அதற்கு 'மடை' போதும்.

டயாட்டத்தின் புரதம் மடை அல்ல. 1997இல் மார்க் ஹில்டெபிராண்டும் உடன் பணியாற்றியவர்களும் சிலிண்ட்ரோதீக்கா என்ற கடல் டயாட்டத்தில் முதன்முதலாக அடையாளம் கண்ட குடும்பம் அது. சவ்வைப் பத்து முறை ஊடுருவித் தைத்தாற்போல் அமர்ந்திருக்கும். கடல் இனங்களில், சோடியம் உள்ளே சரிகிற விசையைப் பிடித்துக்கொண்டு சிலிசிக் அமிலத்தையும் கூடவே செலுத்துகிறது.

செலுத்துதலுக்கு நம்மிடம் 'கடவுதல்' இருக்கிறது. சங்கத் தலைவன் பாகனிடம் தேரைக் கடவச் சொல்வான். இலங்கையில் தண்டவாளத்தைக் கடக்கும் இடம் 'கடவை', நம் எல்லோர் கையிலும் கடவுச்சீட்டு. ஆகவே 'கடவி'. உள்ளே வெளியே என்று திசை சொல்லாது, மின்சாரத்தோடும் மோதாது. வினையெச்சம் போல ஒலிக்கிறதே என்று இலக்கணம் பார்ப்பவர்கள் கேட்பார்கள். ஒலிபெருக்கியும் அப்படித்தான் ஒலிக்கிறது, யாரும் தடுமாறவில்லை.

சொல்லை நன்னீரில் இறக்கிப் பார்த்தேன். ஏரி, ஆற்று நீரில் பொதுவாகக் கடலின் மேல்நீரைவிடச் சிலிசிக் அமிலம் அதிகம், சோடியமோ மிகக் குறைவு. கடலிலிருந்து பலமுறை நன்னீருக்குக் குடியேறிய டயாட்டங்களில் கடவி மரபணு வெகுவாக மாறியிருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். தலாசியோசைரா என்ற டயாட்ட வகையினரை ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வு நேர்மாறாகச் சொன்னது: புரதத்தை மாற்றும் பிறழ்வுகள் பெரும்பாலும் கழிக்கப்பட்டே வந்திருக்கின்றன. இதைத் 'தூய்மையாக்கும் தேர்வு' என்றால் தண்ணீர் வடிகட்டி விளம்பரம் போலிருக்கிறது. 'களையெடுப்புத் தேர்வு' என்று எழுதியிருக்கிறேன்.

சைபீரியாவின் பைக்கால் ஏரியில் வாழும் சினெட்ரா என்ற டயாட்டத்தில் இன்னொரு வேடிக்கை. இர்குட்ஸ்க் ஆய்வாளர்கள் 2015இல் அதன் மரபணுத்தொகுதியை வெளியிட்டார்கள். அதில் இரண்டு, மூன்று கடவிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, ஒரே மரபணுவாகவே இருக்கின்றன. 'இரட்டைக் கடவி', 'மும்மைக் கடவி' என்று கை நடுங்காமல் எழுத முடிந்தது. 'மூன்று மடங்கு சிலிக்கான் கடத்தி' என்று எழுதிப் பாருங்கள்.

இப்படிச் சேர்க்கும் சிலிக்காவால் ஆகும் கூட்டுக்கு 'ஓடு' என்று ஒருவர் சொல்லியிருந்தார். எனக்குச் 'சிமிழ்' என்றே தோன்றுகிறது. குங்குமச் சிமிழ் மாதிரி, பெரிய பாதி சிறிய பாதியின்மேல் மூடியாகக் கவிந்திருக்கும். உயிரணு பிரியும்போது ஆளுக்கொரு பாதி. புதிதாகச் செய்யும் பாதி எப்போதும் உள்பக்கத்துச் சிறிய பாதிதான். பழைய அடிப்பாதி கிடைத்த மகளுக்கு அதுவே மூடி, ஆகவே அவள் தாயைவிடச் சிறியவள். ஓட்டில் இந்தக் கதை இல்லை.

ஒன்று மட்டும் தீரவில்லை. கடவி செலுத்துவது சிலிக்கானை அல்ல, சிலிசிக் அமிலத்தை. அப்படியானால் 'சிலிக்கான் கடவி'யா, 'சிலிசிக் கடவி'யா? ஐயா சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை வரைவை அனுப்ப வேண்டும்.