அரக்கு நிறப் பை படத்தில் செங்கல் நிறமாகத் தெரிகிறது: எங்கே பிழை?

நூல்கூடை:
வணக்கம். பருத்தி நூலில் குரோஷே பின்னிய கைப்பைகளை இணையக் கடை வழியாக விற்று வருகிறேன். கைபேசியில்தான் படம் எடுக்கிறேன். சன்னலுக்கு அருகே மேசை போட்டு, அதன்மேல் வெள்ளை சார்ட் பேப்பரை வளைத்து ஒட்டி, நிழல் விழாமல் இருப்பதற்காக மேலே உள்ள எல்இடி விளக்கையும் எரியவிட்டு எடுப்பது வழக்கம். பின்னலில் எனக்குக் குழப்பமில்லை, படத்தில்தான் தடுமாறுகிறேன்.

அரக்கு நிறப் பை, படத்தில் செங்கல் நிறமாக வெளிறித் தெரிகிறது. அந்தப் படத்தில் வெள்ளைத்தாள் லேசாக நீலம் பாய்ந்திருக்கிறது. அதே இடத்தில், அதே நேரத்தில் மயில்கழுத்து நிறப் பையை வைத்து எடுத்தால் தாள் மஞ்சளாக மாறிவிடுகிறது. எந்தப் படத்திலும் தாள் வெள்ளையாக இல்லை, சாம்பல் பூத்தது போல மங்கியிருக்கிறது. குங்குமச் சிவப்புப் பையிலோ பின்னல் கண்ணிகளே தெரியாமல், சிவப்புச் சாயத்தை வழித்துப் பூசியது போல இருக்கிறது. இரவில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் திருத்துகிறேன்; மறுநாள் காலையில் பார்த்தால் எல்லாம் மீண்டும் தவறாகத் தெரிகிறது. சென்ற மாதம் வாங்கியவர் ஒருவர், படத்தில் பார்த்த நிறம் வேறு, கைக்கு வந்த நிறம் வேறு என்று பையைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் தவறில்லை என்பதுதான் வருத்தம். புதிய கேமரா வாங்க வேண்டுமா?

சன்னலோரம்:
கேமரா வாங்க வேண்டாம். முதலில் அந்த எல்இடி விளக்கை அணையுங்கள். வெளிச்சத்தின் சாயலைச் சொல்லும் அளவு நிற வெப்பநிலை; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். சன்னல் வழியே வரும் பகல் வெளிச்சத்துக்கு அது ஏறக்குறைய 5500 கெல்வின், மேகமோ நிழலோ இருந்தால் அதற்கும் மேல். மஞ்சள் சாயலுள்ள வீட்டு விளக்குக்கு அது 2700 முதல் 3000 கெல்வின் வரைதான். இரண்டும் சேர்ந்து விழும்போது பையின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் சாய்கிறது, அதைப் பிறகு எந்தச் செயலியிலும் ஒரே இழுப்பில் சரிசெய்ய முடியாது. இரண்டாவது காரணமும் உண்டு. விளக்குப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் சிஆர்ஐ என்ற எண், அந்த விளக்கின் கீழ் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதைக் காட்டுவது; அது வெளிர் நிற மாதிரிகள் எட்டின் சராசரி. ஆழ்ந்த சிவப்பு அந்த எட்டில் இல்லை. ஆகவே சிஆர்ஐ 80 என்று போட்ட விளக்கின் கீழும் அரக்கு நிறம் உயிரிழந்து பழுப்பாகத் தெரியக்கூடும்.

தாள் ஒருமுறை நீலமாகவும் ஒருமுறை மஞ்சளாகவும் மாறுகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியதே பாதி விடை. கைபேசியின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பு, சட்டகத்தை நிறைத்திருக்கும் நிறத்தை வெளிச்சத்தின் சாயல் என்று தவறாக எடுத்துக்கொண்டு, அதற்கு எதிர்த்திசையில் படத்தை இழுக்கிறது: சிவப்பு நிறைந்தால் நீலப் பக்கம், நீலம் நிறைந்தால் மஞ்சள் பக்கம். கேமரா செயலியில் எல்லா அளவுகளையும் நாமே வைக்கும் புரோ முறை இருந்தால் ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கு நிலையாக வைத்துவிட்டு எல்லாப் பைகளையும் ஒரே அமர்வில் எடுங்கள். முதல் படத்தில் மட்டும் பைக்கு அருகே ஒரு கிரே கார்டை (எந்தச் சாயலும் இல்லாத சாம்பல் நிற அட்டை) வைத்துக்கொண்டால், திருத்தும்போது அதைத் தொட்டு நிறத்தை நேராக்கி, அதே அளவை மற்றப் படங்களுக்கும் கொடுக்கலாம். அதற்குப் பதிலாகச் சார்ட் பேப்பரைத் தொட வேண்டாம். பல வெள்ளைத்தாள்களில் வெண்மை கூட்டும் பொருள் சேர்த்திருப்பதால் பகல் வெளிச்சத்தில் அவை தாமாகவே சற்று நீலமாக ஒளிரும், அதை நடுநிலை என்று நம்பித் திருத்தினால் படம் முழுவதும் மஞ்சளாகிவிடும்.

சாம்பல் பூப்பதற்குக் காரணம் எளிது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரவே கேமரா முயலும். பையின்மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டிவிட்டு, எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, 0.7 முதல் 1 வரை கூட்டிப் பாருங்கள். விளக்கை அணைத்தபின் விழும் நிழலுக்கு, சன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு தெர்மாகோல் பலகையை நிறுத்தினால் போதும்.

வண்ணத்தூரிகை:
நான் நிறச்செறிவை 20 அளவுக்குக் கூட்டிவிடுவேன். அரக்கு நிறம் பளிச்சென்று வந்துவிடும்.

மண்குடுவை:
மன்னிக்கவும், இந்தக் கேள்விக்கு அது பொருந்தாது. குங்குமச் சிவப்பில் கண்ணிகள் மறைவதே செறிவு மிகுந்ததால்தான். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கு 0 முதல் 255 வரைதான் இடம். செறிந்த சிவப்பில் முதல் எண் எளிதாக 255-ஐத் தொட்டு நின்றுவிடும். கண்ணியின் மேடும் பள்ளமும் ஒரே எண்ணானபின் பின்னல் எங்கிருந்து தெரியும்? மேலே சொன்னபடி எக்ஸ்போஷரைக் கூட்டுவதும் அந்த ஒரு பைக்கு ஆகாது. அதைச் சற்று இருட்டாகவே எடுத்து, பின்னணியை மட்டும் தேர்ந்தெடுத்து வெளுப்பாக்குங்கள். வெளிச்சம் நேர்முன்னால் அல்லாமல் பக்கவாட்டில் தாழ்ந்து வரும்படி பையைத் திருப்பி வைத்தால், ஒவ்வொரு கண்ணிக்கும் சிறு நிழல் விழுந்து பின்னல் எழும்பித் தெரியும். நான் மண்பாண்டங்களில் கீறிய கோலங்களை அப்படித்தான் எடுக்கிறேன்.

சன்னலோரம்:
ஏற்றுக்கொள்கிறேன். சிவப்புப் பையைத் தனியாகச் சொல்லாமல் விட்டது என் பிழை.

நூல்கூடை:
இருவருக்கும் நன்றி. விளக்கை அணைத்து, ஒயிட் பேலன்ஸை நிலைநிறுத்தி நேற்றுக் காலை எடுத்தேன். தாள் இரண்டு பைகளுக்கும் ஒரே மாதிரி வந்தது. சிவப்புப் பையில் கண்ணிகளை எண்ண முடிகிறது. ஆனால் பழக்கப்படி இரவில் திருத்திவிட்டுக் காலையில் பார்த்தால் படங்கள் மறுபடியும் நீலம் பாய்ந்திருக்கின்றன.

மண்குடுவை:
இரவில் கண் கூசாமல் இருப்பதற்காகத் திரையை மஞ்சளாக்கும் நைட் மோடு உங்கள் கைபேசியில் தானாக இயங்குகிறதா?

நூல்கூடை:
இயங்குகிறது! மாலை 7 மணிக்குத் தானாக வரும்படி நானே வைத்திருக்கிறேன். மஞ்சள் திரையைப் பார்த்து, படம்தான் மஞ்சள் என்று நினைத்து, ஒவ்வோர் இரவும் நீலத்தைக் கூட்டியிருக்கிறேன். ஒரு வருடப் படங்கள்.

மண்குடுவை:
நானும் அதே குழியில் விழுந்து எழுந்தவன்தான். திருத்தும் நேரத்தில் அதை அணைத்துவிடுங்கள்; நிறங்களைத் தூக்கலாகக் காட்டும் திரையின் விவிட் முறையையும் இயல்பு நிறத்துக்கு மாற்றுங்கள். முடிந்தால் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பகலில் திருத்துங்கள்.

நூல்கூடை:
செய்துவிட்டேன். கடைசியாக ஒன்று: என் கைபேசியில் சரியாக இருக்கும் படம், கடைப் பக்கத்தில் ஏற்றியபின் சற்று மங்குகிறது. இது எதனால்?

சன்னலோரம்:
உங்கள் கைபேசி டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிறவெளியில் (எந்த எண் எந்த நிறம் என்று சொல்லும் வரையறை) படத்தைச் சேமிப்பதாக இருக்கலாம். படத்தை ஏற்றும்போது அந்த நிறக்குறிப்பு நீங்கிவிட்டால், உலாவி அதே எண்களை, இணையத்தில் வழக்கமான குறுகிய நிறவெளியான எஸ்ஆர்ஜிபி என்று வைத்துப் படிக்கும். முதலில் அடிபடுவது சிவப்பும் பச்சையும்தான். ஆகவே ஏற்றுமதி செய்யும்போதே எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள். குறுகிய பக்கம் 2000 பிக்சல், ஜேபெக் தரம் 85 அளவில் இருந்தால் பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்கும் போதும். மூலப் படத்தைத் தனியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே திருத்துங்கள்; ஜேபெக்கைத் திரும்பத் திரும்பச் சேமித்தால் நூல் விளிம்புகள் குழம்பும்.

நூல்கூடை:
எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி ஏற்றினேன், மங்கல் போய்விட்டது. மூன்று கைபேசிகளில் திறந்து பார்த்ததில் இரண்டில் பையும் படமும் ஒத்துப்போகின்றன. மூன்றாவதில் மட்டும் அரக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. அதற்காகப் பொருள் விவரத்தில் “பழுத்த நாவல் தோலின் சாயலுள்ள ஆழ்ந்த அரக்கு” என்று ஒரு வரியும், அதே நூலை வெள்ளை நூலோடு சேர்த்து வைத்த நெருக்கப் படம் ஒன்றும் சேர்த்திருக்கிறேன். பழைய படங்களில் இன்னும் 40 பைகள் மிச்சம். கிரே கார்டு வந்ததும், அரக்கு நிறப் பைகளிலிருந்தே தொடங்குகிறேன்.