வீட்டில் செய்த பயோடீசலைக் கழுவாமல் ஊற்றலாமா? – அனுபவப் பகிர்வு

டீசல்பித்தன்:
பழைய சமையல் எண்ணெயில் பயோடீசல் செய்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் சண்டை வருவது இந்த விஷயத்தில்தான். எண்ணெயோடு மெத்தனாலும் (ஒரு வகை ஆல்கஹால்) காஸ்டிக் சோடாவும் சேர்த்து வினைபுரிய விட்டால் மேலே பயோடீசலும் அடியில் கிளிசரினும் பிரிந்து நிற்கும். கிளிசரினை வடித்த பிறகு மேலே நிற்பதைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டுமா, அப்படியே வடிகட்டி டேங்கில் ஊற்றிவிடலாமா? "கழுவாமலேதான் வருஷக்கணக்காக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் சொல்வார். "பம்ப் போச்சு" என்று அடுத்தவர் தலையில் கை வைப்பார். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். அவரவர் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள், கேள்விப்பட்ட கதை வேண்டாம்.

முதலில் நானே ஆரம்பிக்கிறேன். ஒரே தடவையில் செய்ததை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியைக் கழுவி, மறுபாதியைக் கழுவாமல், கண்ணாடி ஜாடிகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பார்வைக்குக் கழுவாததுதான் ஜெயித்தது! பொன்னிறத்தில் பளிச்சென்று, ஜாடிக்குப் பின்னால் வைத்த எழுத்தைப் படிக்கிற அளவுக்குத் தெளிவு. கழுவியதில் ஈரம் இருந்ததால் கலங்கல். அப்புறம் கழுவாத ஜாடியின் மூடியைத் திறந்து, காற்றோட்டமான வெளி இடத்தில் விட்டேன். நாளாக ஆக அது மங்கியது. அடியில் வழவழவென்று ஒரு பழுப்புப் படலம் சேர்ந்தது. அதைத் துளி எடுத்துக் கையுறை விரலில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் நுரைக்கிறது. சோப்புதான், சந்தேகமே இல்லை. இத்தனை சோப்பு அந்தப் பளிச்சென்ற திரவத்துக்குள் எங்கே ஒளிந்திருந்தது?

குடுவை:
ஒளித்து வைத்திருந்தது மெத்தனால், நண்பரே. நாம் பொதுவாக எண்ணெயின் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு மெத்தனால் சேர்க்கிறோம். வினைக்கு உண்மையில் செலவாவது அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். மிச்சத்தில் பெரும்பகுதி கிளிசரினோடு கீழே போய்விடும், கொஞ்சம் மேலே பயோடீசலிலும் தங்கும். அது இருக்கிற வரை சோப்பு கரைந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மெத்தனால் ஆவியானதும் சோப்பு பிரிந்து அடியில் உட்காருகிறது. ஜாடியில் நீங்கள் பார்த்ததும் இதைத்தான். அதனால் "தெளிவாக இருக்கிறது, சுத்தமாகத்தான் இருக்கும்" என்ற வாதம் செல்லாது.

நான் கழுவாத எரிபொருளை டைட்ரேஷன் செய்து பார்ப்பது வழக்கம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, நிறம் மாறிக் காட்டும் புரோமோஃபீனால் ப்ளூ சில துளிகள் விட்டு, 0.01 நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீலம் மஞ்சளாகும்போது நிறுத்தினால் சோப்பின் அளவு கிடைத்துவிடும். கழுவாததில் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கு ஆயிரங்களில் வருவது சகஜம். எண்ணெய் எவ்வளவு பழையதோ அவ்வளவு கட்டற்ற கொழுப்பு அமிலம் (எண்ணெய் உடைந்து பிரிந்தது), அதைச் சரிக்கட்ட அவ்வளவு காஸ்டிக் சோடா, கடைசியில் அவ்வளவு சோப்பு.

இப்போது தர அளவைப் பாருங்கள். பயோடீசலுக்கான அமெரிக்க ஏஎஸ்டிஎம் டி6751 தரப்படி, காரத்திலிருந்து சோப்பில் சேரும் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து 5 பிபிஎம் தாண்டக்கூடாது. இதைச் சோப்பாகக் கணக்கிட்டால், சோடியம் சோப்பு சுமார் 66 பிபிஎம், பொட்டாசியம் சோப்பு சுமார் 41 பிபிஎம், அவ்வளவுதான். தனிக் கிளிசரின் 0.02 சதவீதத்துக்கு மேல் கூடாது. சும்மா நாள் கணக்கில் தெளியவிட்டு இந்த அளவுக்குக் கொண்டுவந்த ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மெத்தனாலும் சும்மா விடாது. ஒரு சதவீதம் தங்கினாலே பயோடீசலின் ஃப்ளாஷ் பாயின்ட் (ஆவி தீப்பற்றும் வெப்பநிலை) 170 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். டீசல் மாதிரி பாதுகாப்பானது என்று நினைத்து மூடிய அறையில் அடுக்கி வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நாசில்காரன்:
நான் டீசல் பம்பும் நாசிலும் (இன்ஜினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் பாகம்) பிரித்துப் பார்க்கிற தொழிலில் இருக்கிறேன். கழுவாததை ஊற்றி ஓட்டிய வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன. நாசில் முனையைச் சுற்றி வெளுத்த சாம்பல் படிந்து துளை பாதி அடைந்திருக்கும், ஊசி தன் கூட்டுக்குள் லேசாக ஒட்டிக்கொண்டு திரும்பி வரத் தயங்கும். எரிபொருளில் இருக்கிற சோடியம் எரிந்து காணாமல் போகாது சார், சாம்பலாக எங்கேயாவது உட்காரத்தான் செய்யும். புகைக் குழாயில் டிபிஎஃப் என்ற கரித்துகள் வடிகட்டி உள்ள வண்டியாக இருந்தால் அது அங்கே போய்ச் சேரும், ரீஜெனரேஷன் (சேர்ந்த கரியைச் சூட்டில் எரிப்பது) செய்தாலும் போகாது. கிளிசரின் வேறு மாதிரி. அது டேங்கின் அடியில் தேங்கி, ஒரு நாள் மொத்தமாகக் கிளம்பி ஃபில்டரை அடைக்கும்.

ஆனால் "கழுவாததால்தான்" என்று வருகிற எல்லாப் புகாரும் கழுவாததால் வந்தவை இல்லை. முதல் முறை பயோடீசலுக்கு மாறியதும் ஃபில்டர் அடைப்பது பெரும்பாலும் டேங்கில் டீசல் விட்டுவைத்த பழைய வண்டல். பயோடீசல் நல்ல கரைப்பான், அதை எல்லாம் சுரண்டிக் கொண்டுவந்துவிடும். பழைய ரப்பர் குழாய் ஊதிப்போய்க் கசிவதும் அப்படியே. எவ்வளவு கழுவி, காயவைத்து ஊற்றினாலும் அந்த ரப்பருக்கு பயோடீசல் ஆகாது, விட்டான் என்ற பயோடீசல் தாங்கும் ரப்பர் குழாய்க்கு மாற்றிவிட வேண்டியதுதான்.

ஆக, வருஷக்கணக்காகக் கழுவாமல் ஓட்டுகிறவர் யார் என்று கேட்டால், எரிபொருளை முன்னறையில் தெளிக்கும் பழைய இன்டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினும் மெக்கானிக்கல் பம்பும் வைத்திருப்பவராக இருப்பார். அந்த இன்ஜின் எதையும் தின்னும். எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் போகும் காமன் ரெயில் அப்படி இல்லை. உள்ளே இடைவெளி சில மைக்ரான்தான், அழுத்தம் 2000 பாரைத் தொடும். அதில் கழுவாததை ஊற்றிவிட்டு "அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்றால் நான் என்ன சொல்ல?

மரத்தூள்:
நான் தண்ணீர் விடாத கட்சி, ஆனால் சுத்தம் செய்யாத கட்சி இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள், அதுதான் எரிச்சல். என் முறை இது: கிளிசரினை முழுக்க வடித்த பிறகு பயோடீசலைச் சூடாக்கி மெத்தனாலை ஆவியாக்கி, மூடிய கண்டென்சரில் திரும்பப் பிடித்துக்கொள்வேன். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும். அப்புறம் ஆறவிட்டுத் தெளிய வைப்பேன், சோப்பு தானாகவே பெருமளவு கீழே இறங்கும். மேலே உள்ளதை மரச்சீவல் நிரப்பிய குழாயில் மெதுவாக விட்டு, கடைசியில் அயனிப் பரிமாற்ற ரெசின் (சோடியத்தைப் பிடித்துக்கொள்ளும் மணிகள்) வழியாக எடுப்பேன். சிலர் ரெசினுக்குப் பதில் மெக்னீசியம் சிலிகேட் பொடியைக் கலந்து வடிகட்டுகிறார்கள், அதுவும் வேலை செய்யும், ஆனால் பொடி துளியும் தப்பாத ஃபில்டர் வேண்டும்.

கிளிசரினும் காஸ்டிக்கும் கிடக்கும்போதே மெத்தனாலை விரட்டாதீர்கள். வினை பின்னோக்கித் திரும்ப ஆரம்பிக்கும். ரெசினுக்கும் ஒரு விலை உண்டு: அது சோடியத்தைப் பிடித்துக்கொண்டு சோப்பைக் கொழுப்பு அமிலமாக மாற்றி விடுகிறது, அதனால் அமில எண் (எரிபொருளில் உள்ள அமிலத்தின் அளவு) கொஞ்சம் ஏறும். சோப்பு அதிகமாக இருக்கும்போது நேராக ரெசினில் விட்டால் ரெசினும் சீக்கிரம் தீரும், அமிலமும் எல்லை தாண்டும்.

தண்ணீர்க்கட்சி:
தண்ணீரில் கழுவுவதில் ஒரு லாபம் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. சரியாகச் செய்யாத பயோடீசலைத் தண்ணீர் காட்டிக் கொடுத்துவிடும். நண்பர் ஒருவர் கொண்டுவந்ததை நான் கழுவியபோது பார்த்தேன். பாதி ஜாடி பயோடீசல், பாதி வெதுவெதுப்பான தண்ணீர், நன்றாகக் குலுக்கி வைத்தோம். நல்லதாக இருந்தால் அரை மணிக்குள் இரண்டும் பிரிந்து, நடுவில் கோடு போட்ட மாதிரி நிற்க வேண்டும். அதுவோ மொத்தமும் தயிராக உறைந்து நின்றது. அவர் தண்ணீரைத் திட்டினார். நான் மூணுக்கு இருபத்தேழு சோதனை செய்தேன்: 3 மில்லி பயோடீசலை 27 மில்லி மெத்தனாலில் விட்டுக் குலுக்குவது. அடியில் எண்ணெய்த் துளிகள் உருண்டு நின்றன, அதாவது மாறாத எண்ணெய் மிச்சம். பாதி மாறிய மோனோ, டை கிளிசரைடுகளும் சோப்போடு சேர்ந்துகொண்டால் தண்ணீரையும் எண்ணெயையும் இப்படிப் பிரியவிடாமல் பிடித்துவைக்கும். சூடு காட்டி உப்புத் தண்ணீர் விட்டதும் அது உடைந்தது. தண்ணீரை வடித்து, எண்ணெயை நன்றாகக் காயவைத்து, மறுபடி மெத்தனாலும் காஸ்டிக்கும் சேர்த்து வினைக்குப் போட்டார். அடுத்த குலுக்கலில் கோடு வந்தது. எத்தனை தடவை அலசினாலும் அந்த மாறாத எண்ணெய் போயிருக்காது, சாதாரண எண்ணெய் ஊற்றி ஓட்டிய மாதிரி நாசிலில் கரி பிடித்திருக்கும்.

கழுவும்போது முதலில் குலுக்கவே கூடாது. மேலிருந்து பூத்தூறலாகத் தெளித்து விடுங்கள், பால் மாதிரி வருகிற தண்ணீரை வடித்து, அது தெளிந்து வருகிற வரை மாற்றுங்கள். வேகத்தைக் கடைசியில் கூட்டலாம். மீன் தொட்டி பம்பில் குமிழ் விடுகிறவர்கள் ராத்திரி முழுக்க ஓடவிடுகிறார்கள், காற்று பட்டு எரிபொருள் ஆக்சிஜனேற்றம் ஆவதுதான் மிச்சம். எனக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை.

டீசல்பித்தன்:
காயவைப்பதை விட்டுவிட்டீர்களே, கழுவியதை ஈரத்தோடு ஊற்றுவதற்குக் கழுவாததையே ஊற்றலாம்! பம்பில் துரு வரும், தேங்கினால் நுண்ணுயிர் வளரும். ஐரோப்பிய இஎன் 14214 தரம் கிலோவுக்கு 500 மில்லிகிராம் தண்ணீர்தான் அனுமதிக்கிறது. நான் 50 – 60 டிகிரிக்குச் சூடாக்கி, பம்ப் வைத்துத் திறந்த ட்ரம்முக்குள் தூறலாகச் சுற்ற விடுகிறேன், மேலே காற்று வீசுகிற மாதிரி. ஆறின பிறகும் கண்ணாடி போல நின்றால் போதும், சூடாக இருக்கும்போது தெரிகிற தெளிவு ஏமாற்றும்.

குடுவை:
மெத்தனாலை முன்பே எடுத்துவிட்டவர்கள் மட்டும் திறந்த ட்ரம்மில் இதைச் செய்யுங்கள். கழுவின தண்ணீரிலும் அது கரைந்திருக்கும், சோப்பும் காஸ்டிக்கும் கூடவே. மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டுவதற்கு முன் காரத்தன்மையைச் சமன் செய்து, உங்கள் பகுதியில் கழிவுநீருக்கு என்ன விதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.