பாக்கெட் கிளிப்: பைக்கொண்டியா, பைக்கவ்வியா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழில் தொகுத்துவரும் கைக்கருவிச் சொற்பட்டியலில் மடக்குக்கத்திப் பகுதி ‘பாக்கெட் கிளிப்’, அதாவது கத்தியைப் பையின் வாயில் மாட்டிவைக்கிற தகடு, என்ற இடத்தில் வந்து நின்றுபோயிருக்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் சட்டைப்பைப் பிடிப்பான், பையிணைப்பி, பைக்கொண்டி, பைக்கவ்வி. என் ஓட்டு பைக்கவ்விக்கு. ஏன் என்று சொல்வதற்கு, சொல்லைக் கொஞ்ச நேரம் தள்ளிவைத்துவிட்டுக் கத்தியைப் பார்க்க வேண்டும்.

காரைக்குடியைச் சுற்றிப் பழைய வீடுகளை மராமத்துப் பார்ப்பது என் தொழில். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம் என்று ஊர் ஊராகப் போகிற வேலை. சாக்குச் சரடு அறுக்க, நிலையில் காய்ந்துபோன வார்னிஷைச் சுரண்ட, ஜன்னல் இடுக்கில் இறுகிய சுண்ணாம்பைக் கிளற, மத்தியானம் மாங்காய் நறுக்க, எல்லாவற்றுக்கும் கத்தி வேண்டும். பேனாக்கத்தி இதற்குத் தாங்காது. அலகு 9, 10 சென்டிமீட்டராவது இருந்தால்தான் வேலை ஓடும். அப்படிப்பட்ட கத்தியை மடக்கினாலும் 12, 13 சென்டிமீட்டர் வரும். எடை, செய்மானத்தைப் பொறுத்து, 100 கிராமிலிருந்து 200 கிராம். அமெரிக்காவின் பக் கம்பெனி 1964இல் கொண்டுவந்த 110 என்ற கத்தி இந்த வகையில் பேர்போனது. பித்தளையும் மரமுமாகச் சுமார் 200 கிராம். அதற்குத் தோலுறை ஒன்றையும் கூடவே கொடுத்து இடுப்பு வாரில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பேண்ட் பையில் போடுகிற எடை அது இல்லை என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

சும்மா பையில் போட்டுப் பாருங்கள். கத்தி நேராக அடிக்குப் போய்க் குறுக்கே படுத்துக்கொள்ளும். சாரம் ஏறும்போது ஒவ்வொரு அடிக்கும் தொடையில் இடிக்கும். டிவிஎஸ் எக்ஸெல்லில் உட்கார்ந்தால் தொடை மடியும் இடத்தில் குறுக்காக நின்று குத்தும். பைத்துணியின் அடி மூலை சில மாதத்தில் நைந்து ஓட்டை விழும். வேண்டும்போது எடுக்கலாமென்றால் சாவிக்கொத்துக்கும் போனுக்கும் அடியில் துழாவ வேண்டும், அதுவும் ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு.

கத்தியின் பிடியில் ஒரு வளைந்த தகட்டைத் திருகி, அதைப் பையின் வாயில் செருகிக்கொள்ளலாம் என்பதை ஸ்பைடர்கோ நிறுவனம் 1981இல் ‘வொர்க்கர்’ என்ற கத்தியோடு கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சால் கிளெசரின் யோசனை. பேனாவுக்கு அதே ஏற்பாடு வந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் கத்திக்கு வந்தது. அந்தச் சின்னத் தகடு செய்த வேலை என்னவென்றால், பையின் அடியில் கிடந்த எடையை வாய்க்கு மாற்றியது. கிடந்த கத்தி தொங்க ஆரம்பித்தது. இடிப்பதும் குத்துவதும் பெரும்பாலும் அத்தோடு போயிற்று.

இதனால்தான் கலைச்சொல்லில் ‘தொங்கல்’, ‘கிடை’ என்ற இரண்டும் முதலில் நிலைப்பட வேண்டும் என்கிறேன். பைவாயில் மாட்டினால் பைத்தொங்கல். அடியில் போட்டால் பைக்கிடை. பிரான்சின் ஒப்பினெல் கத்தியைப் பாருங்கள். மரப்பிடி, உருண்டை வடிவம், தகடு எதுவும் கிடையாது. 8ஆம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர்தான், கனமும் இல்லை. அது கிடைக்கத்தி. பெரிய கத்தியைக் கிடையாகக் கொண்டுபோக வேண்டுமென்றால் பையின் உள்ளே பின்பக்கத் தையலை ஒட்டி ஒடுக்கமான ஒரு உள்பை தைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் டெய்லரிடம் சொன்னால் காடாத் துணியில் இரட்டையாக மடித்துத் தைத்துக் கொடுத்துவிடுவார். அதில் கத்தி குறுக்கே படுக்காமல் நிமிர்ந்து நிற்கும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

> ‘பைக்கொண்டி’ நம் வீட்டுக் கதவிலேயே இருக்கிற சொல். புதிதாக ஏன் தேட வேண்டும்?

தேவகோட்டை நண்பர் எழுதியது இது. கதவிலிருந்து சொல் எடுப்பதில் எனக்கு முழு உடன்பாடு. கீழே நானும் எடுக்கப் போகிறேன். ஆனால் கொண்டி வளையத்தில் விழுந்து நிற்கிற பொருள். அது விறைப்பாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். இந்தத் தகடு அப்படியில்லை. இதற்கு வில்தன்மை வேண்டும். பிடிக்கும் தகட்டுக்கும் நடுவே துணியை அழுத்தி வைத்திருப்பது அந்த வில்தான். பூனை தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு போகிறதே, பல் பதியாமல், குட்டி விழாமல், அந்த அளவு அழுத்தம். ‘கவ்வி’ என்ற சொல்லில் அந்த அளவு தானாகவே இருக்கிறது. பிடிப்பான், இணைப்பி இரண்டும் எதை வேண்டுமானாலும் குறிக்கும். ‘சட்டைப்பை’ என்று தொடங்குவது இன்னும் சரியில்லை. 200 கிராம் கத்தியைச் சட்டைப்பையில் மாட்டினால் குனியும்போது தரையில் கிடக்கும்.

அழுத்தம் மிஞ்சினால் வரும் கேட்டையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேண்ட் வாங்குகிறவர் காசு அதில்தான் போகிறது. பல கத்திகளில் பிடி, கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து அழுத்திய சொரசொரப்பான பலகையால் செய்தது. கை வழுக்காமல் இருக்க அந்தச் சொரசொரப்பு நல்லது. ஆனால் கவ்வியின் நுனி அழுந்துகிற இடத்திலும் அதே சொரசொரப்பு இருந்தால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பைவாய்ப் பட்டியை அரம்போல ராவும். கவ்வியின் திருகைக் கழற்றி, அது படுகிற இடத்தை மட்டும் 400ஆம் நம்பர் உப்புத்தாளில் நன்றாகத் தேய்த்துவிட்டால் பிரச்சினை பாதிக்குமேல் தீரும். தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நல்லதில்லை. தகடு மிகவும் விறைப்பாக இருந்தால் அதைக் கழற்றிக் கையால் ஒரு துளி நிமிர்த்தலாம். கத்தியில் இருக்கும்போதே நெம்பினால் திருகின் மரை போய்விடும்.

அடுத்து, கத்தி எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி தொங்குகிறது என்பது. ‘டிப் அப்’, ‘டிப் டவுன்’ என்பதற்கு முனைமேல், முனைகீழ் என்று எழுதியிருந்தார்கள். பொருள் சரிதான், ஆனால் மடக்கிய கத்தியில் முனை கண்ணுக்குத் தெரியாது, பிடிக்குள் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரிவது அலகு சுற்றுகிற ஆணிதான். இங்கேதான் கதவு கைகொடுக்கிறது. எங்கள் பக்கத்துப் பழைய நிலைக்கதவுகள் பலவற்றுக்குக் கீல் கிடையாது. கதவின் ஓரத்தில் மேலும் கீழும் முளைபோல நீட்டிக்கொண்டு, நிலையின் குழிக்குள் உட்கார்ந்து சுற்றும். அதற்குக் குடுமி என்று பேர். எந்தத் தச்சரைக் கேட்டாலும் சொல்வார். கத்தியின் சுழலாணிக்கும் குடுமி என்றே வைத்துவிட்டால், டிப் அப்புக்குக் ‘குடுமிகீழ்’, டிப் டவுனுக்குக் ‘குடுமிமேல்’ என்று சொல்லிக் கொடுப்பது எளிது. வாங்குகிறவர் கத்தியைத் திறக்காமலேயே எது எதுவென்று பார்த்துக்கொள்ளலாம்.

இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. வலதுபக்கப் பையில் குடுமிகீழாக மாட்டினால் அலகின் முதுகு பின்பக்கம், அதாவது பேண்ட்டின் பக்கத்தையலைப் பார்த்து நிற்கும். கத்தி அந்தத் தையலை ஒட்டியே இருக்கும்வரை அலகு திறக்க இடமில்லை, துணியே அணைத்து மூடிவைத்திருக்கும். கத்தி முன்பக்கம் நகர்ந்துவிட்டால் அந்த அணைப்பு போய்விடும். மடங்கிய அலகை அமுக்கி வைத்திருக்கும் பிடிமானமும் தளர்ந்திருந்தால் முனை மெல்ல வெளியே எட்டிப் பார்க்கும். அது தெரியாமல் பைக்குள் கையை விடுவது ஆபத்து. ஆகவே குடுமிகீழ் என்றால் தையலோரம், இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. குடுமிமேலாக மாட்டினால் முனை பையின் அடிப்பக்கம் போய்விடும். ஆனால் எடுத்ததும் கையில் ஒருமுறை மாற்றிப் பிடித்துத்தான் திறக்க வேண்டியிருக்கும்.

தையலோரம் மாட்டுவதில் இன்னொரு சௌகரியம், நாற்காலியிலும் வண்டியிலும் உட்காரும்போது கத்தி தொடையின் வெளிப்பக்கமாகப் படிந்துவிடும். மடிப்பில் குத்தாது. கிராஸ் பாக்கெட் வைத்த பேண்ட்டில் பலர் இடுப்புப்பட்டிக்குப் பக்கத்தில், மேல்மூலையில் மாட்டுகிறார்கள். எடுக்க வசதிதான், உட்கார்ந்தால் அடிவயிற்றில் முட்டும்.

ஆனால் நாம் நாற்காலியில் மட்டுமா உட்காருகிறோம்? வெளிநாட்டுக்காரர்கள் எழுதுகிற யோசனைகளில் சம்மணம் கிடையாது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் பந்தியில் உட்கார்ந்தால் தொடையின் வெளிப்பக்கம்தான் தரையில் படும். தையலோரம் தொங்குகிற கத்தி தொடைக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும், பைவாயும் இழுபடும். தரையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்குப் பைத்தொங்கல் ஒத்துவராது என்பது என் முடிவு. அவர்களுக்கு இடுப்பு வாரில் படுக்கைவாட்டில் மாட்டுகிற உறைதான் சரி. பனையேறிகள் அருவாப்பெட்டியை இடுப்பில் கட்டும்போதும் கால்கள் இரண்டும் தடையில்லாமல் மடங்குகின்றன. வேட்டி கட்டுகிறவர்களுக்கும் அதே வழி. வேட்டியில் கவ்விக்குக் கவ்வ ஒன்றுமில்லை. பச்சை பெல்ட்டின் பையில் சின்னக் கத்தி அடங்கும், பெரியது அடங்காது.

‘டீப் கேரி கிளிப்’ பற்றி ஒரு வரி. ஆழ்கவ்வி என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆழம் இங்கே முக்கியமில்லை, கத்தி முழுக்கப் பைக்குள் அடங்கிவிடுகிறது என்பதே முக்கியம். அடங்குகவ்வி என்று வைக்கலாம். சாதாரணக் கவ்வியில் பிடியின் நுனி ஒரு விரற்கடை வெளியே நிற்கும். வேலை நேரத்தில் வியர்த்த கையால் இழுக்க அது தேவை. பாங்குக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது அடங்குகவ்வி நல்லது, பார்க்கிறவர்கள் மிரள மாட்டார்கள்.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

* * *

நண்பர்களுக்கு மீண்டும் வணக்கம். மறுமொழிகளுக்கு நன்றி.

> எங்கட பக்கம் வில்லுக்கத்தி எண்டுதான் சொல்லுறது. மடக்குக்கத்தி எண்டால் விளங்கும், ஆனால் வாயில வராது.

யாழ்ப்பாணத்து அண்ணன் எழுதியதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. வில் வைத்த வண்டி வில்வண்டி. வில் வைத்த கத்தி வில்லுக்கத்தி. மடக்குக்கத்தியைத் தலைச்சொல்லாகவும் வில்லுக்கத்தியை அதற்கு இணைச்சொல்லாகவும் போட்டுவிடலாம். இன்னொரு பயனும் இருக்கிறது. ‘லைனர் லாக்’ என்பதற்கு இதுவரை உருப்படியாக ஒன்றும் வரவில்லை அல்லவா? பிடியின் உள்தகட்டில் ஒரு நாக்கு வில்போல விலகி, திறந்த அலகின் பின்னால் போய் முட்டுக்கொடுக்கிறது. அது வில்தாழ். பக் 110இல் பிடியின் முதுகோரம் இருக்கும் பூட்டு முதுகுத்தாழ். ஒப்பினெல்லில் 1955இல் வந்த, திருப்பினால் பூட்டிக்கொள்ளும் வளையம் வளையத்தாழ். ‘பூட்டு’ என்றால் சாவி நினைவு வருகிறது. தாழுக்குச் சாவி வேண்டாம், அதனால் தாழே பொருத்தம்.

> கவ்வி என்பதை ஏற்கனவே ஆய்வகக் கருவிகளுக்குப் பயன்படுத்துகிறார்களே?

பயன்படுத்தட்டும் அம்மா. முன்னால் ‘பை’ நிற்கிறது, குழப்பம் வராது. வெறும் ‘கவ்வி’ என்று நாம் எங்கும் எழுதப் போவதில்லை.

கத்தி வைத்துக்கொள்வது சட்டப்படி சரியா என்று ஒருவர் கேட்டிருந்தார். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்த கத்திகளை இந்திய ஆயுத விதிகள் தனியாகவே வைக்கின்றன. மற்றவற்றில் 9 அங்குலத்துக்கு மேற்பட்ட நீளமோ 2 அங்குலத்துக்கு மேற்பட்ட அகலமோ உள்ள அலகையே ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. நாம் பேசுவது 4 அங்குலம். ஆனாலும் விமானத்தில் கைப்பையிலோ பேண்ட் பையிலோ கொண்டுபோக முடியாது. கோர்ட்டு மாதிரி இடங்களுக்குப் போகும்போது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

மட்டுறுத்துநர் ஐயாவுக்கு: பைக்கவ்வி, அடங்குகவ்வி, பைத்தொங்கல், பைக்கிடை, குடுமி, குடுமிகீழ், குடுமிமேல், வில்தாழ், முதுகுத்தாழ், வளையத்தாழ் ஆகியவற்றை வரைவில் சேர்த்துக்கொள்ளுங்கள். குடுமிக்கு மட்டும் தச்சு வேலை தெரிந்த வேறு ஊர்க்காரர்கள் யாராவது ஒப்புதல் சொன்னால் நல்லது. தஞ்சைப் பக்கமும் கொங்குப் பக்கமும் கதவுக்கு அதே சொல்தானா, வேறு வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஏற்றுவோம்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து