செவ்வாய்க்கிழமை டிரக் மெடிக்கல்: முன்பு வலிப்பு வந்ததை எழுத வேண்டுமா?

சங்ககிரி டிரைவர்:
எல்லாருக்கும் வணக்கம். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. குடும்பத்தோடு இங்கே வந்து 11 மாதம் ஆகிறது. ஊரில் 16 வருடம் லாரி ஓட்டினேன், நேஷனல் பெர்மிட் வண்டி, அசாம் வரை போயிருக்கிறேன். இங்கே ஒரு மளிகைக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறேன். டிரக் ஸ்கூலுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டியாகிவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை மெடிக்கல். ஃபாரத்தில் வலிப்பு வந்திருக்கிறதா என்று ஒரு கேள்வி இருக்கிறது, பக்கத்தில் ஆம், இல்லை கட்டம். எனக்கு முன்பு ஃபிட்ஸ் வந்திருக்கிறது, இப்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஆம் என்று போட்டால் அவ்வளவுதானா? விலக்கு வாங்கலாம் என்று யாரோ சொன்னார்கள், நிஜமா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. சீக்கிரம் சொல்லுங்கள்.

ஸ்கார்பரோ அண்ணை:
தம்பி, பயப்பட வேண்டாம். நான் 1998 மார்கழியில் கனடாவுக்கு வந்து இறங்கினவன். விடிய நாலரைக்குப் பனிக்குள் நின்று பஸ் பிடித்து பேக்டரிக்குப் போன காலம் அது. சப்பாத்துக்குள் தண்ணீர் போய் விரல் மரத்துவிடும். ஊருக்குக் கதைக்கும்போது மட்டும் நல்லா இருக்கிறேன் என்று சொல்லுவேன். பிறகுதான் ஏ-இசட் என்ற பெரிய வண்டி லைசென்ஸ் எடுத்து டிரக்குக்கு வந்தேன்.

என்னோடு ஓடிய ஒருவருக்கு வலிப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்டாரியோவில் அப்படி வந்தால் டாக்டரே போக்குவரத்து அமைச்சுக்கு எழுத வேண்டும், அது சட்டம். பெரிய வண்டி லைசென்ஸ் போய்விட்டது. 5 வருடம் வலிப்பு இல்லாமல் இருந்து, மாத்திரை எடுத்துக்கொண்டே திரும்ப எடுத்தார். ஆனால் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் ஓட்ட முடியாது, மொன்றியல் பக்கம் மட்டும்தான். நீங்களும் 5 வருடம் பொறுத்தால் சரி.

ஹாரோ அக்கா:
5 வருடம் என்று சொல்லி நம்பிக்கை கொடுக்காதீர்கள். இங்கே லண்டனில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் குரூப் 2 லைசென்ஸ். எபிலெப்சி, அதாவது வலிப்பு நோய் என்றால் 10 வருடம் வலிப்பு வரக்கூடாது, அந்த 10 வருடமும் மாத்திரையும் எடுத்திருக்கக்கூடாது. காரணம் தெரியாமல் ஒரே ஒரு தடவை வந்தது என்றால்தான் 5 வருடம், அதற்கும் மாத்திரை இருக்கக்கூடாது. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார், அதனால் இந்த விதி மனப்பாடம். தம்பி, வேறு வேலை பாருங்கள். நாங்கள் வந்த புதிதில் நாலு பேர் ஒரே அறையில் இருந்தோம், ராத்திரி ஆபீஸ் கூட்டித் துடைக்கப் போவோம். அதிலிருந்தும் மேலே வந்தோம்.

டாலஸ் ராஜா:
ஆளாளுக்கு ஏன் பயமுறுத்துகிறீர்கள்? அமெரிக்கா என்றால் நான் சொல்வதைக் கேளுங்கள். ஊரில் வந்த வலிப்பு இங்கே எந்த கம்ப்யூட்டரிலும் இல்லை. இல்லை என்று டிக் அடித்துவிட்டு வெளியே வாருங்கள். ஊரில் லைசென்ஸ் எடுத்தபோது படிவம் 1-இல் இதே கேள்விதான் இருந்தது, யார் ஆம் என்று எழுதினார்கள்? கடன் வாங்கிப் படித்துவிட்டு வீட்டில் உட்கார முடியுமா? வாடகை யார் கட்டுவது? முதல் வருடம் நான் தினமும் ஒரு வேளைதான் சாப்பிட்டேன். அந்தக் கஷ்டம் தெரிந்துதான் சொல்கிறேன்.

நர்ஸ் அக்கா, ஹூஸ்டன்:
ராஜா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் தயவுசெய்து அந்த யோசனையைத் திரும்பச் சொல்லாதீர்கள். முழு லோடோடு 80,000 பவுண்டு வண்டி, கிட்டத்தட்ட 36 டன். வலிப்பு வரும்போது கால் ஆக்சிலரேட்டரிலேயே விறைத்து நின்றுவிடலாம். நரம்பியல் வார்டில் 9 வருடமாக வேலை செய்கிறேன். வந்ததே தெரியாமல் கண் விழித்து, "நான் ஏன் இங்கே இருக்கிறேன்" என்று கேட்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எதிரில் வரும் காரில் நம் பிள்ளைகளும் இருக்கலாம்.

அந்த ஃபாரம் சாதாரணக் காகிதமும் இல்லை. எம்சிஎஸ்ஏ-5875 என்று பெயர். தெரிந்தே பொய் எழுதினால் சர்டிஃபிகேட் செல்லாமல் போகும், அபராதமோ கிரிமினல் வழக்கோ வரலாம் என்று கையெழுத்துப் போடும் இடத்திலேயே எழுதியிருக்கும். கிரீன் கார்டில் இருப்பவர் என்றால் அந்த ஆபத்தை எடுக்கலாமா?

எடிசன் சுரேஷ்:
டாக்டர் என்றதும் எனக்கு வயிறு எரிகிறது. நியூராலஜிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் கேட்டால் நாலு மாதம் கழித்து வா என்கிறார்கள். இன்ஷூரன்ஸில் டிடக்டிபிள், அதாவது முதலில் நாமே கட்ட வேண்டிய தொகை, தாண்டும்வரை எல்லாம் கைக்காசு. ஊரில் ஒரு ஸ்கேன் எடுத்து மறுநாளே பார்த்துவிடலாம்.

டாலஸ் ராஜா:
அதைத்தான் நானும் சொல்கிறேன். 16 வருட அனுபவத்துக்கு இங்கே ஒரு மதிப்பும் இல்லை. மலைப்பாதையில் லாரி இறக்கியவனை, பார்க்கிங் லாட்டில் ரிவர்ஸ் எடுத்துக் காட்டு என்கிறார்கள்.

ஸ்கார்பரோ அண்ணை:
இங்கேயும் அதே கதைதான். ஆரம்பத்தில் எங்கே போனாலும் கனடா அனுபவம் இருக்கா என்றுதான் கேட்டார்கள்.

பென்சில்வேனியா டிரைவர்:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அவர் எந்த நாடு, கடைசியாக எப்போது வலிப்பு வந்தது, எத்தனை தடவை, மாத்திரை உண்டா என்று யாருமே கேட்கவில்லை. அண்ணா, இந்த நாலையும் முதலில் எழுதுங்கள். எனக்கும் இதே பிரச்சினை இருந்தது. இப்போது விலக்கு வாங்கித்தான் ஓட்டுகிறேன்.

சங்ககிரி டிரைவர்:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். அமெரிக்கா, நியூ ஜெர்சி. 2018 ஆடி மாதம் வந்தது. ஒரே ராத்திரியில் இரண்டு தடவை, நடுவில் மூன்று மணி நேரம் இருக்கும். சேலத்தில் ஸ்கேன் எடுத்து மூளையில் பூச்சிக் கட்டி என்றார்கள். இரண்டு வருடம் மாத்திரை சாப்பிட்டேன். டாக்டர் பார்த்து நிறுத்தச் சொன்னார். அதற்கப்புறம் ஒரு தடவைகூட வரவில்லை. அமெரிக்காவில் யாருக்கும் இதைச் சொல்லவில்லை.

பென்சில்வேனியா டிரைவர்:
இப்போதுதான் விஷயம் பிடிபடுகிறது. மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டுவதற்கு மத்திய அரசு விதி 391.41. எபிலெப்சி என்று உறுதியாகியிருந்தாலோ, அந்த வரலாறு இருந்தாலோ தகுதி இல்லை என்பது அடிப்படை. அதற்கு எஃப்எம்சிஎஸ்ஏ, அதாவது டிரக் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு, விலக்கு தருகிறது, 2013-இலிருந்து கொடுத்துவருகிறார்கள். எபிலெப்சி என்றால் 8 வருடம் வலிப்பு இல்லாமல் இருக்க வேண்டும். காரணமில்லாத ஒரே ஒரு வலிப்பு என்றால் 4 வருடம். மாத்திரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இதே கணக்கு. எடுக்கிறவர்களுக்கு மட்டும், மருந்தும் அளவும் 2 வருடமாக மாறாமல் இருக்க வேண்டும். லண்டன் அக்கா சொன்ன 10 வருடமும் ஸ்கார்பரோ அண்ணா சொன்ன 5 வருடமும் அந்தந்த நாட்டில் சரி. இங்கே கணக்கு வேறு.

உங்கள் விஷயத்தில் முடிச்சு இருப்பது அந்த ஒரே ராத்திரியில்தான். 24 மணி நேரத்துக்குள் இரண்டு தடவை வந்தால் நரம்பியல் டாக்டர்கள் பொதுவாக அதை ஒரே நிகழ்வாகத்தான் எடுப்பார்கள். ஆனால் கட்டி இருந்ததால் அதற்கு என்ன பெயர் வைப்பார் என்பதை நியூராலஜிஸ்ட்தான் சொல்ல வேண்டும். 4 வருடமா 8 வருடமா என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. பூச்சிக் கட்டி நம் ஊர் டாக்டர்களுக்குப் பழகிய வியாதி, இங்கே பல பேர் பாடப் புத்தகத்தில்தான் பார்த்திருப்பார்கள். அதனால் வெறும் வாயால் சொன்னால் போதாது. சேலத்து ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி எல்லாம் கையில் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மெடிக்கலைத் தள்ளிப் போடுங்கள். இப்போது போய் ஆம் என்று போட்டால், விலக்கு கையில் இல்லாமல் அந்த டாக்டரால் உங்களுக்குத் தகுதி கொடுக்க முடியாது. முடிவை மறுநாள் இரவுக்குள் எஃப்எம்சிஎஸ்ஏவுக்கு அனுப்பியாக வேண்டும், அதனால் அப்புறம் வேறு டாக்டரிடம் போய்ப் பார்க்கலாம் என்பதும் நடக்காது. இல்லை என்று போடுவதைப் பற்றி நர்ஸ் அக்கா சொல்லிவிட்டார், நான் திரும்பச் சொல்லவில்லை.

நியூராலஜிஸ்ட் கடிதம், லைசென்ஸ் ரிக்கார்டு, மருத்துவக் காகிதங்கள் எல்லாம் சேர்த்து அனுப்பினால், மத்திய அரசிதழில் போட்டு 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு விடுவார்கள். முடிவுக்கு 180 நாள் வரை ஆகலாம். கிடைத்தால் 2 வருடத்துக்கு. ஆனால் ஒவ்வொரு வருடமும் மெடிக்கல் உண்டு, டாக்டர் அறிக்கையும் அனுப்ப வேண்டும். விலக்குக் காகிதம் வண்டியில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு வலிப்பு வந்தால் அன்றோடு நிறுத்தம். கனடாவுக்குள் இது செல்லாது, லோடு எடுக்கும்போது ஞாபகம் வையுங்கள். நான் காத்திருந்த அந்த ஆறு மாதமும் கோபமாகத்தான் இருந்தேன். கையில் காகிதம் வந்த அன்று ரோட்டோரம் வண்டியை நிறுத்தி அழுதேன்.

எடிசன் சுரேஷ்:
அதுவரை நியூ ஜெர்சிக்குள்ளேயே ஓட்டினால் மத்திய விதி வராதே? நியூவார்க் துறைமுகத்தில் கன்டெய்னர் எடுத்து எடிசனில் இறக்கலாம். என் நண்பர்கள் செய்கிறார்கள்.

பென்சில்வேனியா டிரைவர்:
நிறைய பேர் தவறுவது இங்கேதான். கப்பலில் வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு என்றால் வண்டி மாநில எல்லையைத் தாண்டாவிட்டாலும் அது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம்தான். சரக்கு எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்பதுதான் கணக்கு. உள்ளூர் மணல், ஜல்லி மாதிரி உள்ளேயே தொடங்கி உள்ளேயே முடிகிற வேலைக்கு மாநிலத்தின் தனி விதி உண்டு, அதை நேரில் கேளுங்கள். மாநிலங்களுக்கு இடையிலான வேலை என்றால் சின்ன டெலிவரி டிரக்கும் 10,001 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் மத்திய மெடிக்கல் வரும், சிடிஎல் என்ற பெரிய வண்டி லைசென்ஸ் தேவைப்படாத வண்டி என்றாலும்.

நர்ஸ் அக்கா, ஹூஸ்டன்:
கூடவே ஒன்று. யார் சொன்னாலும், இனிமேல் வராமல் இருக்கட்டும் என்று ஊரிலிருந்து மாத்திரை வரவழைத்து நீங்களாகவே சாப்பிட ஆரம்பிக்காதீர்கள். அங்கே கடையில் எளிதாகக் கிடைக்கிற குளோபசாம் இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. புதிதாக ஒரு மாத்திரை தொடங்கினால் அந்த 2 வருடக் கணக்கும் புதிதாகத் தொடங்கும். மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள் தம்பி. ராத்திரி ஏதாவது நடந்தால் பக்கத்தில் இருப்பவர் அவர்தான், என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டாலஸ் ராஜா:
நான் முதலில் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அண்ணன் ஆறேழு மாதம் காத்திருப்பதற்கு என்ன வழி என்று சொல்லுங்கள்.

பென்சில்வேனியா டிரைவர்:
லாரி கம்பெனிகளில் டிஸ்பாட்ச் வேலை இருக்கிறது, எந்த லோடை எந்த டிரைவர் எப்போது எடுப்பது என்று ஆபீஸிலிருந்து ஏற்பாடு செய்வது. 16 வருட அனுபவம் அங்கே உண்மையாகவே உதவும். லோடு, நேரம், டிரைவர் மனசு எல்லாம் தெரிந்தவர். நானும் ஒன்பது மாதம் டிஸ்பாட்ச் செய்தேன், ஆங்கிலமும் அங்கேதான் தேறியது. ஸ்கூல் பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள், சேரும் தேதியைத் தள்ளி வைக்க முடியுமா என்று மெயிலில் கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

சங்ககிரி டிரைவர்:
மெடிக்கலை ரத்து செய்துவிட்டேன். மனைவியிடமும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் அவளே என் மச்சானுக்கு போன் போட்டாள். நாளைக் காலை அவன் சேலம் போகிறான். பழைய ரிக்கார்டு கொடுப்பார்களா தெரியவில்லை. என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

பென்சில்வேனியா டிரைவர்:
டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் ஸ்கேன் ஃபிலிமும் ரிப்போர்ட்டும், கட்டி கரைந்ததைக் காட்டும் கடைசி ஸ்கேன், மாத்திரை நிறுத்தச் சொன்ன சீட்டு. எல்லாவற்றிலும் தேதியும் டாக்டர் கையெழுத்தும் தெளிவாகத் தெரிகிறதா என்று அங்கேயே நின்று பார்க்கச் சொல்லுங்கள். சம்மரியில் "இரண்டு வலிப்பு" என்று மட்டும் இருந்தால், ஒரே இரவில், மூன்று மணி நேர இடைவெளியில் என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.