உதவி: தமிழ்ப் பக்கங்கள் மட்டும் 404, காவடிப் பதிவு நிற்கிறது

ரோஸ்ஹில்வாசி: வணக்கம். மொரீஷியஸில் எங்கள் கோவில் தளத்தில் சி.எம்.எஸ். (பக்கங்களை எழுதி நிர்வகிக்கும் மென்பொருள்) சேர்த்திருக்கிறேன். ஆங்கிலம், பிரெஞ்சுப் பக்கங்கள் ஒழுங்காகத் திறக்கின்றன. தமிழ்ப் பக்கத்தைத் தொட்டால் 404, பக்கம் இல்லை என்கிறது. தைப்பூச விரதத்துக்கு முன் காவடிப் பதிவைத் திறந்தாக வேண்டும். செயலாளர் காலையும் மாலையும் போன் செய்கிறார். எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். அவசரம்.

கரும்புக்காடு: எந்த சி.எம்.எஸ்.? எந்த டேட்டாபேஸ்? "எல்லாம்" என்றால் எவை எவை?

பழையசர்வர்: கேட்கவே வேண்டாம், டேட்டாபேஸ்தான். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்8 என்று இருப்பதை யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள். தமிழ் என்றாலே இந்த வியாதிதான்.

மோக்காமழை: அண்ணா, தமிழ் எழுத்துக்கு 3 பைட் போதும், பழைய யூடிஎஃப்8-லேயே அடங்கிவிடும். நான்காவது பைட் எமோஜிக்குத் தேவை. டேட்டாபேஸ் கோளாறு என்றால் பக்கம் திறந்து கேள்விக்குறிகளாகக் கொட்டும், 404 வராது.

பழையசர்வர்: தம்பி, நீங்கள் கீபோர்டு தொடுவதற்கு முன்பே நான் சர்வர் பார்த்தவன். கையேட்டை ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் வந்து அவசரம் என்றால் இப்படித்தான் ஆகும்.

ரோஸ்ஹில்வாசி: ஏற்கெனவே ஓடும் நன்கொடைச் செயலி, பைத்தான் மொழியின் வலைக் கட்டமைப்பான ஜாங்கோவில் எழுதியது. அதில் வாக்டெயில் என்ற சி.எம்.எஸ். சேர்த்தேன். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்.

மோக்காமழை: ஆக, மைஎஸ்கியூஎல்லே இல்லை.

கரும்புக்காடு: எந்த முகவரி எந்தப் பக்கத்துக்கு என்று சொல்லும் யூஆர்எல் கோப்பில் வாக்டெயில் வரி கடைசியில் இருக்கிறதா? மேலே வைத்தால் மற்ற முகவரிகளையெல்லாம் அதுவே விழுங்கிவிடும். பத்தில் எட்டுப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

ரோஸ்ஹில்வாசி: கடைசியில்தான் இருக்கிறது. நன்கொடைப் பக்கம் நன்றாக வேலை செய்கிறது.

தூண்டில்: பக்கங்களை அட்மினில் தட்டினீர்களா, ஸ்கிரிப்ட் வழியாகவா? ஒரு தமிழ்ப் பக்கத்தின் ஸ்லக்கை (முகவரியில் வரும் பக்கப் பெயர்) அப்படியே இங்கே ஒட்டுங்கள்.

ரோஸ்ஹில்வாசி: எக்செல் தலைப்புகளிலிருந்து ஸ்கிரிப்ட். தலைப்பை ஸ்லக்காக மாற்றியது ஜாங்கோவின் ஸ்லக்கிஃபை, யூனிகோட் அனுமதியோடு. மெனு இணைப்புகள் மட்டும் நான் தட்டியவை. "காவடிப் பதிவு" என்ற பக்கத்தின் ஸ்லக்: கவடப-பதவ. இது என்ன கூத்து?

தூண்டில்: அகப்பட்டது. பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவங்களைத் தேடிப் பொருத்தும் விதி) "எழுத்து" என்று ஏற்பது க, வ, ட போன்றவற்றைத்தான். கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் தனிக் குறிகள். அவற்றை அது எழுத்தாக ஏற்பதில்லை. நம்பாவிட்டால் "கா" என்பதை, எழுத்தா என்று சோதிக்கும் இஸ்ஆல்ஃபாவுக்குக் கொடுத்துப் பாருங்கள், ஃபால்ஸ் வரும். ஸ்லக்கிஃபை இந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகிறது. அதனால் குறிகளை உதிர்த்துவிட்டது. பூசைக்கும் பாசிக்கும் ஒரே ஸ்லக்தான் கிடைக்கும்: பச. உங்கள் மெனுவோ முழுத் தமிழில் கேட்கிறது. ஸ்லக்கைக் கையால் முழுத் தமிழாகத் திருத்தினாலும் பயனில்லை. வாக்டெயில் முகவரியைப் பிரிக்கும் வரியிலும் அதே சல்லடைதான். தலைப்பு தமிழில் இருக்கட்டும், ஸ்லக்கை மட்டும் ரோமன் எழுத்தில் வையுங்கள்.

கரும்புக்காடு: தமிழ்க் கோவிலின் தமிழ்ப் பக்கத்துக்கு ரோமன் முகவரியா? சல்லடையை மாற்றி எழுதலாமே.

தூண்டில்: எழுதலாம். ஒவ்வொரு வாக்டெயில் பதிப்பு மாறும்போதும் யார் பார்த்துச் சரிசெய்வது? செயலாளரா?

பழையசர்வர்: முகவரியை விடுங்கள். தளத்தைப் பார்த்தேன், மொழிப் பட்டியலில் தமிழ் கடைசியில் கிடக்கிறது, இந்திக்கும் கீழே. 1998-இல் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் இந்தியைத் தமிழுக்கு மேலே போட்டார்கள். கிளம்பிய எதிர்ப்பில் நோட்டையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கோவில் தளத்திலேயே இப்படியா?

மோக்காமழை: அகரவரிசையாக இருக்கலாம், அண்ணா.

பழையசர்வர்: எந்த மொழியின் அகரவரிசை? தமிழில் இகரத்துக்குப் பிறகுதான் தகரம் என்று சொல்ல வருகிறீர்களா?

கரும்புக்காடு: இதில் மட்டும் நான் பழையசர்வர் பக்கம். இங்கே கோவிலுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பது வேறு விஷயம். பெயராவது முன்னால் நிற்கட்டும்.

மோக்காமழை: வாசிக்க வராதவர்களுக்குத் தமிழ்ப் பக்கத்தில் பிரெஞ்சு எழுத்தில் ஒரு வரி சேர்ப்பது இதைவிட உதவும். கேட்டவர் எங்கே போனார்?

ரோஸ்ஹில்வாசி: ரோமன் ஸ்லக் வைத்தேன், திறக்கிறது. நன்றி தூண்டில். பதிவு வரத் தொடங்கிவிட்டது.

தூண்டில்: வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே சுற்றும் தமிழ் இணைப்புகளுக்கு ரீடைரக்ட் (பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடுவது) போட்டீர்களா? வாக்டெயிலிலேயே அதற்கு வசதி இருக்கிறது. இப்போது தொட்டுப் பார்த்தேன், இன்னும் 404.